பூஜையறைக்கு அடியில் போன கேபிள்

"சாமி ரூமைக் கொளுத்துன அந்தோணி தங்கச்சிதானே நீ?" ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய என்னை ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஒருத்தி இப்படித்தான் அடையாளம் கண்டாள்.

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளுக்கு வயரிங் செய்துவந்தவன் என் அண்ணன். பஞ்சாட்சரத்தின் கடையில் மாடி கட்டி, மாடி நிறைய ஏசி வைத்தார்கள். பூஜையறைக்கு அடியில் அண்ணன் முன்பு போட்டிருந்த கேபிள் போதவில்லை. அதோடு இணையாக இன்னொன்று போட, தரையைத் தோண்டப் பஞ்சாட்சரத்திடம் அனுமதி கேட்டான்.

"ஈசான மூலைப்பா அது. உங்க ஆளுங்களுக்கு என்னா தெரியும்? செவுத்த சுத்திக் கொண்டு போ."

"சுத்துனா ரெண்டு மடங்கு நீளம் சார். கரண்ட் சரிபாதியா பிரியாது. குட்டை கேபிள்லயே ரெண்டு பங்கு ஓடும். பழசையும் எடுத்து ரெண்டையும் வெளிய சுத்திடலாம்."

"நல்லா இருக்குற கேபிளைப் புடுங்க நான் என்ன லூசா?"

மற்ற கடைக்காரர்கள் அண்ணனைக் கூப்பிட்டதே இவர் சொல்லித்தான். அதனால் பணிந்து, புதியதை மட்டும் சுவரைச் சுற்றிப் போட்டான். ஒவ்வொரு கேபிளும் இருநூறு ஆம்பியர் தாங்கும். நீளம் ஒன்றாக இருந்தால், நானூறு ஆம்பியரைத் தாண்டும்போது கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர் சரி. இப்போதோ குட்டை இருநூறைத் தொடும்போது நீளமானதில் நூறுதான் ஓடும். ஆகவே முந்நூறு பிரேக்கரை மாட்டினான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அது தினமும் விழுந்து ஏசி நின்றது.

"நானூறு மாட்டுப்பா. பொம்பளைங்க விசிறிக்கினே எதிர்க்கடைக்குப் போறாங்க."

"கேபிள் வெந்துடும் சார். பிரேக்கர் அப்பவும் விழாது."

"உன்னை விட்டா எனக்கு ஆளு கெடைக்காதா?"

கிடைத்தான். நானூறு பிரேக்கர் விழவேயில்லை. குட்டைக் கேபிள் வெந்து, பூஜையறைக் கதவும் சாமி படங்களும் எரிந்தன.

"முந்நூறை எடுத்தது யாருன்னு கேளுங்க," என்றான் அண்ணன், கூடியிருந்தவர்களிடம்.

"கேபிள் போட்டது யாரு? அதைச் சொல்லு மொதல்ல," என்றார் பஞ்சாட்சரம்.

போட்டது அவன்தான். அதன்பின் எந்தக் கடையும் அவனை அழைக்கவில்லை. இப்போது ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பல்பு மாற்றுகிறான்.

போன வாரம் அந்தக் கடையைப் பார்த்தேன். ஈசான மூலைக்கு அடியில் நெருப்பு ஓடக்கூடாது என்று பரிகாரம் செய்ய வந்த ஜோசியர் சொன்னாராம். இரண்டு கேபிள்களும் வெளிச்சுவரோரம் ஒரே நீளத்தில் போகின்றன. வேறு ஆள் போட்டது.

அண்ணனிடம் சொன்னேன்.

"ஜோசியர் சொன்னா கேட்பாங்கமா," என்றான், ஷூவை மாட்டிக்கொண்டே. கம்பெனி பஸ் வந்துவிட்டது.