பெரூஜியாவின் உப்பில்லாத பாண்

சுற்றுலா வழிகாட்டியின் வேலை ஊரைக் காட்டுவது என்று நினைத்துத்தான் நானும் ஒஸ்லோவில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதில் முக்கால்வாசி கழிப்பறையைக் காட்டுவதுதான். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கிழமை ஊர் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் "இவ்வளவுதானா?" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஆட்கள் ரோமையும் வெனிஸையும் பார்த்துச் சலித்துவிட்டார்கள் என்று எங்கள் பயண நிறுவன முதலாளியம்மாவிடம் மன்றாடி, ஒரு தமிழ்க் குழுவை இத்தாலியின் பெரூஜியா மாகாணத்துக்குக் கூட்டிப் போக அனுமதி வாங்கினேன். அவர் நோர்வேக்காரி, வளவளவென்று பேசமாட்டார். திரும்பி வந்ததும் எல்லோரும் கருத்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்றார். படிவம் நன்றாக இருந்தால் வருடா வருடம் அந்தப் பயணம் என் பொறுப்பு. இல்லாவிட்டால் பழையபடி தொலைபேசியில் விமானச் சீட்டுக்குத் தேதி மாற்றும் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தவள் நான். மறுபடி அந்தக் கதிரையில் போய் உட்கார எனக்குப் பயமாகவே இருந்தது.

கடல் எங்கே?

பெயர் பதிய முதலில் வந்தவர்கள் ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் இருக்கும் சிவபாலன் அண்ணையும் மனைவி ராணி அக்காவும். அண்ணை நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தில் பெரூஜியாவில் விரலை வைத்து வலப்பக்கம் ஓட்டினார், இடப்பக்கம் ஓட்டினார். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு மாகாணம்தான் வந்தது. இத்தாலியின் நட்ட நடு, மலைகள், ஒலிவ் தோட்டங்கள், டைபர் ஆறு, திராசிமேனோ என்று ஒரு பெரிய ஏரி என நான் மூச்சுவிடாமல் அடுக்கினேன். கடல் இல்லாத இடத்தில் சனம் எதைச் சாப்பிடும் என்று கேட்டார். ஏரி மீன் என்றேன். அதையெல்லாம் மீன் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஜாக்கெட்டை எடுத்தார். ராணி அக்கா அவரைக் கையைப் பிடித்து இருத்தினார்.

"பிள்ளை, எங்கட ரெண்டு பேரையும் பதியும். இருபது வருசம் மீன் மணத்துக்கை இருந்திட்டன். மீன் மணக்காத ஒரு கிழமை எனக்கு வேணும்."

உப்பு வரி

ஒருவழியாக இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பெரூஜியாவில் முதல் மத்தியானச் சாப்பாட்டிலேயே சோதனை வந்தது. அந்த ஊர்ப் பாணில் உப்பே கிடையாது. அதற்கு ஒரு கதை உண்டு. பல நூறு வருடங்களுக்கு முன் பாப்பரசர் உப்புக்கு வரி போட்டாராம். சனம் கொதித்தெழுந்து, உன் உப்பே வேண்டாம் என்று உப்பில்லாமல் பாண் சுடத் தொடங்கியதாம். உண்மையோ பொய்யோ, ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். நானும் குரலைத் தாழ்த்தி உருக்கமாகச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கைப்பைகளில் இருந்து மாங்காய் ஊறுகாயும் கட்டைச் சம்பலும் மேசைக்கு வந்துவிட்டன. சென்னையில் இருந்து ஒஸ்லோவுக்குக் கணினி வேலைக்கு வந்த கார்த்திக், எங்கள் சம்பலை இரண்டாம் முறை போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"போராட்டம் பண்ணது கரெக்ட்தான்க்கா. முடிஞ்சப்புறமாவது உப்பு போட்டிருக்கலாம்ல?"

நிலத்துக்குக் கீழே ஒரு தெரு

அந்தச் சண்டையில் வென்றது பாப்பரசர்தான். எதிர்த்தவர்களின் வீடுகளுக்கு மேலேயே ஒரு கோட்டையைக் கட்டிவிட்டார். இப்போது மலை நகரத்துக்கு ஏறும் நகரும் படிக்கட்டு அந்தக் கோட்டையின் அடிவயிற்றுக்குள்ளால் போகிறது. மேலே கூரை மூடிக் கிடக்க, கீழே பழைய தெருவும் வாசல்களும் அப்படியே நிற்கின்றன. முழங்கால் வலிக்குப் படிக்கட்டுப் போட்ட புண்ணியவானை வாழ்த்திக்கொண்டு வந்தவர்கள், இதைக் கேட்டதும் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ராணி அக்காவின் ஊர் வீடு இராணுவ முகாமுக்குள் போனது. காணி திரும்பக் கிடைத்தபோது அங்கே அத்திவாரம்கூட இல்லை. அவர் ஒரு கல் வாசலில் கையை வைத்தபடி நின்றார். அன்றைய விளக்கவுரை அத்தோடு சரி.

"இஞ்சை கதவு நிலையாவது மிஞ்சியிருக்கு, பிள்ளை."

வெள்ளிக்கிழமை விருந்து

இனி வருவது முழுக்க என் பிழை. மலையடிவாரத்தில் நோர்சியா என்றொரு ஊர் இருக்கிறது. பன்றி இறைச்சியைப் பதப்படுத்துவதில் இத்தாலி முழுக்கப் பேர் போனது. அங்கே பெரிய விருந்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன நாள் வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் சனம் மரக்கறி மட்டும்தான் தொடும் என்பதைச் சைவ சமயத்துப் பெண்ணான நான் எப்படி மறந்தேனோ. தட்டுத் தட்டாக இறைச்சி வந்தது. இருபத்திரண்டு பேரும் முகம் கோணாமல், மரியாதையாகக் கைகூப்பி வேண்டாம் என்றார்கள். என் படிவம் போய்விட்டது என்றே நினைத்தேன். சமையற்காரரிடம் கெஞ்சினேன். அவர் மலைமேல் சமவெளியில் விளையும் சின்னப் பருப்பை அவித்துத் தந்தார். ராணி அக்கா தன் கைப்பையோடு குசினிக்குள் புகுந்து செத்தல் மிளகாயும் சீரகமும் தாளித்துக் கொட்டினார். உப்பில்லாத பாண் அன்றைக்குத்தான் அருமையாக இறங்கியது. பானை காலியானதும் சமையற்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இத்தாலிய மொழியில் சொன்னார்.

"என் பன்றியைக் கும்பிட்டுவிட்டுப் பருப்பைச் சாப்பிட்ட முதல் ஆட்கள் இவர்கள்தான்."

இருபத்திரண்டு படிவங்கள்

ஒஸ்லோவுக்குத் திரும்பி ஒரு கிழமையில் முதலாளியம்மா படிவக் கட்டை என் முன் வைத்தார். இந்தப் பயணத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற கேள்விக்கு இருபத்திரண்டு பேரும் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். கார்த்திக்கும்தான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. முதலாளியம்மா முன்னாலேயே சிவபாலன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். விமான நிலையத்தில் எல்லோரும் கூடிக் கதைத்து எடுத்த முடிவாம்.

"நல்லாயிருக்கெண்டு சொன்னால் பக்கத்து லோறென்ஸ்கூக்கில இருக்கிற சனம் முழுக்க வந்து நிறைஞ்சிடும். பிறகு வாற வருசம் எங்களுக்கு இடம் கிடைக்குமே?"

தலையில் கை வைத்தபடி அதை முதலாளியம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். காட்டுச் சதுப்பில் முல்டெ என்ற அரிய பழத்தைத் தான் பறிக்கும் இடத்தைச் சொந்தத் தங்கைக்கே சொல்லாத மனுசி அவர். படிவக் கட்டை வாங்கி, அடுத்த வருடக் கோப்புக்குள் வைத்தார்.

"அப்படியென்றால் அது நல்ல இடம்தான்."

இதையெல்லாம் நான் எழுதி வெளியே விட்டது தெரிந்தால், அந்த இருபத்திரண்டு பேரும் இனி என்னோடு கதைக்கமாட்டார்கள்.