தெருவெல்லாம் அண்ணனின் ஜாடிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அண்ணன் வீட்டு வடகத்தின் வாசனை தெரிந்திருக்கும். சித்திரை வெயிலில் மாடியில் அது காயும்போது, தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே மூக்கைத் துளைக்கும். அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி அண்ணி சொன்னபோது, "நாலு வார்த்தையில எல்லாம் எனக்கு எழுத வராது அண்ணி" என்றேன். "தெரிஞ்சதுதான. உன் வாய் மாதிரிதான் கையும் இருக்கும், எழுது" என்றார். ஆகவே உறவினர்களும் நண்பர்களும் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டும்.

நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், குத்தகை நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்து நான் ஒருத்திதான். அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா காலமானார். அந்தச் சாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அண்ணனின் வாழ்க்கையே அதிலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் உறவுக்குள் சாவு விழுந்த வீட்டில் ஊறுகாய், வடகம், உப்பில் ஊறப்போட்டது எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தீட்டுப் பட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். இன்று பலர் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் பெரியம்மா இருந்தார். அம்மாவின் அக்கா அவர். சாங்கியம் என்று வந்துவிட்டால் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். அப்பாவை எடுத்த மறுநாள், அம்மா கோடை முழுவதும் பாடுபட்டுப் போட்டு வைத்திருந்த நார்த்தங்காய், மாங்காய், வடகம் எல்லாவற்றையும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டச் செய்தார். அம்மா காலி ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்தது. அம்மாவுக்குத் துணையாகப் பெரியம்மா மட்டும் தங்கினார். வீட்டில் கஞ்சி இருந்தது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அம்மா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "பசங்களுக்கு ஒரு துண்டு ஊறுகா இருந்தா குடு" என்று கேட்டதை நாங்கள் பார்த்தோம். அவர்கள் நல்லவர்கள், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். அண்ணன் அன்றைக்குக் கஞ்சி குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

பிறகு படிப்பு நின்றது. வில்லியனூர் பக்கம் ஒரு நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவைக் காப்பாற்றினார், என்னை வளர்த்தார், எனக்குக் கல்யாணமும் செய்து வைத்தார். பாகூர் ஏரிப் பாசனத்து ஊரில் பிறந்த அண்ணியை மணந்து, அந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார். ஒரே மகள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார் அண்ணன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் தான் நினைத்ததைச் செய்து முடித்திருப்பார். எனக்கு நேர் எதிர். எனக்குப் பேச்சு முன்னால் போகும், காரியம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

ஆலை மூடப்பட்டபோது அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. வேறு வேலைக்கு அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. அண்ணி துணி தைக்கும் கம்பெனிக்குப் போகத் தொடங்கினார். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினார். முதல் வருடம் அவர் விளைவித்ததைவிடக் கெடுத்தது அதிகம். உளுந்தில் வண்டு விழுந்தது. மாவடு பூசணம் பிடித்தது. வடகத்தைக் காயவைத்துவிட்டுக் கோடை மழை வந்தது தெரியாமல் தூங்கிப்போனார். அந்த வடகத்தை மாடு கூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது என்று அண்ணி இன்றும் சொல்வார்.

மெல்ல மெல்ல எல்லாம் கைக்கு வந்தது. பந்தலில் அவரையும் சுரையும், வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை, பாத்தி பாத்தியாகக் கத்தரி, மிளகாய், கொத்தவரை. தின்றது போக மிஞ்சியது வற்றலானது. எலுமிச்சையும் நார்த்தங்காயும் ஜாடிக்குப் போயின. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, கடுகு, வெந்தயம், உளுந்து சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வடகம் உருட்டுவார். விதைக்கென்று முற்றவிட்ட காய்களைச் சாம்பலில் புரட்டிப் பரணில் கட்டித் தொங்கவிடுவார்.

மனைவி வேலைக்குப் போக, ஆண் வீட்டில் வடகம் உருட்டினால் தெரு சும்மா இருக்குமா? டீக்கடைக் குமார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "இன்னாபா, அண்ணி டூட்டிக்குப் போயாச்சி, நீ கிச்சன் டூட்டியா?"

"ஆமாபா. கை சும்மாதான இருக்கு, நீயும் ரெண்டு உருட்டிட்டுப் போ" என்பார் அண்ணன். குமார் உட்கார்ந்து உருட்டியும் இருக்கிறார்.

நான்கூட ஒருமுறை கேட்டேன். "கடையில எல்லாந்தான் கெடைக்குது. இன்னாத்துக்குணா இந்தப் பாடு?"

"கடைக்குப் போறது தப்பில்ல பாப்பா. கடையே கதின்னு கெடக்கறதுதான் தப்பு" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கமெல்லாம் அவரிடம் கிடைக்காது.

ஒரு கார்த்திகையில் தென்பெண்ணை உடைத்துக்கொண்டு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சாலை போயிற்று, கரண்ட் போயிற்று, கடைகள் தண்ணீரில் நின்றன. அண்ணன் வீட்டில் மட்டும் பரண் நிறைய இருந்தது. அந்தத் தெருவே அவர் மாடியில் பெரிய அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டது. வடகம் தாளித்த புளிக்குழம்பும் கொத்தவரை வற்றலும் என்று என் மகனிடம் போனில் பெருமையாகச் சொன்னார். வெள்ளம் வடிந்தபோது கொல்லை வெறும் சேறாகக் கிடந்தது. அவர் பரணிலிருந்து விதைகளை இறக்கி, எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் பாத்தியைக் கடைசியாகக் கொத்தினார்.

போன ஆண்டு தை மாதத்தில் அண்ணனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் பலவீனமாகிவிட்டது, உப்பை அறவே விட வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். மறுபேச்சுப் பேசாமல் அண்ணன் உப்பில்லாத சோறு தின்றார். அந்தக் கோடையில்தான் என்றைக்கும் இல்லாத அளவுக்கு உப்புப் போட்டு ஊறவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி நறுக்குவார், பிசைவார். உப்பு சரியா என்று பார்க்க அண்ணியின் உள்ளங்கையில் ஒரு துளி விடுவார்.

"உனக்கு உப்பே ஆகாது. யாருக்குணா இவ்ளோ?" என்றேன்.

"திங்கறவங்களுக்கு."

ஆனி மாதம் நான் போகும்போதெல்லாம் அலமாரியில் ஜாடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் எதிர்வீட்டுச் சாந்தி ஒரு பெரிய ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தேன். மனிதர் படுத்திருக்கும்போதே வீட்டைக் காலி செய்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. அண்ணியைக் கேட்டால், "அவருதான் கூப்பிட்டுக் குடுக்கறாரு. கேட்டா சிரிக்கிறாரு" என்றார். நேராக அண்ணனிடம் போனேன்.

"இன்னாணா இது, கடையக் காலி பண்றியா?"

"எலி தொல்லை பாப்பா."

அந்த வீட்டில் எலி ஏது? அண்ணனே இரண்டு பூனை வளர்த்தார். ஒன்று அப்போது அவர் காலடியில்தான் படுத்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நோயில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு விடியற்காலையில் அண்ணன் தூக்கத்திலேயே அடங்கிவிட்டார். கொல்லையில் அவரைப் பந்தல் பூத்து நின்றது.

பெரியம்மா வந்தார். வயது எத்தனையோ ஆகிவிட்டது, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது, சாங்கியம் மட்டும் தளரவில்லை. அண்ணனை எடுத்த மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "ஊறுகா, வடகம் எல்லாம் எங்கடி வெச்சிருக்கீங்க? எடுத்துக் கொட்டணும்."

அலமாரியைத் திறந்து காட்டினேன். வெறும் பலகை. ஒரு மூலையில் கல்லுப்பு மட்டும் இருந்தது.

"இன்னாடி இது? இந்த வூட்லயா ஒண்ணும் இல்ல?" என்றார் பெரியம்மா. கைத்தடியால் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, கொட்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று திரும்பினார்.

காரியத்தன்று மதியம் பந்தி முடிந்ததும் அண்ணியைப் பற்றிப் பேச்சு வந்தது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைக் கையோடு அழைத்துப் போவதாகச் சொன்னாள். உறவினர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நானும்தான் சொன்னேன். வேலையை விட்டாயிற்று, முழங்காலும் சரியில்லை, தனியாக இருந்து என்ன சாப்பிடுவார்? அண்ணி, "நான் வரல" என்று மட்டும் சொன்னார்.

"இங்க இன்னாம்மா இருக்கு?" என்றாள் மகள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாள். இரண்டு நாளில் கிளம்புவது என்று முடிவானது. அண்ணியின் புடவைகளை நானே பையில் மடித்து வைத்தேன்.

மறுநாள் காலை வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாந்தி வந்தாள். இடுப்பில் அதே ஜாடி. அண்ணியின் முன்னால் இறக்கி வைத்தாள்.

"அண்ணன் எங்க வூட்ல வெச்சிருக்கச் சொன்னாரு அண்ணி. நார்த்தங்கா. எலி தொல்லை, நான் கேக்கும்போது குடுன்னாரு." முந்தானையால் ஜாடியைத் துடைத்தாள். "நான் கேக்கலன்னா, தீட்டு கழிச்ச மறுநாள் அண்ணிகிட்ட குடுத்துடுன்னாரு."

அவள் போய்ச் சிறிது நேரத்தில் டீக்கடைக் குமார் இரண்டு டின் வடகத்தோடு வந்தார். அவரிடமும் எலி கதைதான். மூன்றாம் வீட்டு முருகன் மாங்காய் ஜாடியைக் கொண்டுவந்தார். கடைசி வீட்டிலிருந்து கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் வந்தன. பின்தெருவிலிருந்து புளி வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். உச்சி வெயில் ஏறுவதற்குள் அலமாரியில் இடமில்லாமல் தரையில் வைக்க வேண்டியதாயிற்று.

பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அந்த நார்த்தங்கால ஒரு துண்டு குடு" என்றார். வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"அவன் அன்னிக்கிக் கஞ்சி குடிக்காம எழுந்து போனது எனக்குத் தெரியும்டி" என்றார். "எங்கூட ஒரு வார்த்த சண்ட போட்டிருக்கலாம் இல்ல, அந்தப் புள்ள."

"உங்ககூட யாரு பெரியம்மா சண்ட போட முடியும்?" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

அண்ணி அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எழுந்து ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து மோந்து பார்த்தார். எண்ணெய் குறைந்திருந்த ஒன்றை ஓரமாக வைத்தார். பிறகு மகளிடம் திரும்பி, "கேட்டியே இங்க இன்னா இருக்குன்னு. இத்த எல்லாம் உட்டுட்டு நான் எங்கடி வர்றது?" என்றார். நான் மடித்து வைத்த புடவைகளை அவரே எடுத்து மறுபடி கொடியில் போட்டார். மகளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வாரம் தவறாமல் போன் செய்கிறாள், மாதம் ஒருமுறை வருகிறாள், போகும்போது பை நிறைய அவரைக்காய் கொண்டு போகிறாள்.

இந்த ஓராண்டும் அண்ணி அந்த வீட்டில்தான் இருக்கிறார். யார் வாசலிலும் கிண்ணத்தோடு நிற்கவில்லை. அண்ணன் எங்களுக்கு நகை, நிலம் என்று எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. இந்த ஒன்றைத்தான் வைத்துவிட்டுப் போனார். எனக்கு இது போதும்.

அண்ணனின் கடைசி மாதங்களில் அன்போடு கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், காரியம் வரை எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாந்திக்கு நன்றி. நான் மனதுக்குள் திட்டியதெல்லாம் அவளுக்குத் தெரியாது, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். குமாருக்கும், பெயர் விட்டுப்போன மற்றவர்களுக்கும் நன்றி. முருகன் வீட்டில் பிள்ளைகள் மாங்காயைப் பாதி தின்றுவிட்டார்களாம். அவர் மனைவி நம்பிக் கொடுத்த ஜாடி குறையக் கூடாது என்று தன் வீட்டு எலுமிச்சை ஊறுகாயை மேலே போட்டு நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அந்த ஜாடிதான் முதலில் தீர்ந்தது.

போன மாதம் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். கோடையில் அவரே போட்ட ஊறுகாய்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. கிளம்பும்போது ஒரு ஜாடியை என் கையில் கொடுத்து, "இது கொஞ்ச நாள் உன் வூட்ல இருக்கட்டும். இங்க எலி தொல்லை" என்றார்.

ஜாடியைக் கீழே வைத்தேன். "இன்னா அண்ணி, உடம்புக்கு இன்னா?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பயந்துட்டியா? நெஜமாவே எலிதான். உங்கண்ணன் பூன ரெண்டும் தின்னுட்டுத் தூங்குதுங்க."

நான் நம்பவில்லை. அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். பலகையில் கடித்த தடம் இருந்தது. எலி இருப்பதைக் கண்டு யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. ஜாடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அண்ணி கேட்கும்போது நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் கேட்க வேண்டும்.