செஞ்சி அண்ணன் சொல்லும் தீர்ப்பு

பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்கு நான் குடிவந்த புதிதில், கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. மேல்வீட்டுப் பெண் எழுதியிருந்தாள்: சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து நான்குவரை செல்லோ வாசிப்பேன், மன்னிக்கவும். சத்தம் போடுவதற்கு முன்பே மன்னிப்பு கேட்கிற ஊர் இது. எங்கள் செஞ்சியிலும் ரேடியோ செட் கட்டினால் சண்டை வரும். குழாய் ஸ்பீக்கரை ஏன் எங்கள் தெருப்பக்கம் திருப்பவில்லை என்றுதான் வரும். அந்தச் சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். என் அண்ணன் சவரிமுத்து செஞ்சியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், கட்சிக் கூட்டம், எங்கள் மாதா கோயில் தேர், மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை, எல்லாவற்றுக்கும் அவன் செட்தான்.

கடையில் அவனோடு வேலை பார்த்தபோது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஆம்ப்ளிஃபயர் தானாக ‘ம்ம்ம்’ என்று இரையும். எனக்கு அந்த இரைச்சல் பாட்டைவிடப் பிடிக்கும். “இன்னாடா வாயப் பொளந்துக்கினு நிக்கற, அடுத்த பாட்டப் போடு” என்று அண்ணன் தலையில் தட்டுவான். ஐ.டி.ஐ. முடித்து, துபாய் போய், இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் கன்வேயர் பழுதுபார்க்க வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ‘ம்ம்ம்’மையே இசையாகச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று. பின்னால் கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது. படுக்கையறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலோ கிட்டாரிலோ செய்ததை வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அவற்றைத் தேடிக் கேட்பது எனக்கு வெறி. மூட்டை மூட்டையாகக் கேட்டால் இரண்டு மூன்று தேறும். தேறிவிட்டால் அந்த வாரம் முழுக்க நான் ராஜா.

இந்த வெறியைச் சுமந்துகொண்டு இங்குள்ள ஒரு சின்ன சமூக வானொலியின் படியேறினேன். சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் காலியாக இருந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் லீவே என்ற அம்மாள் முகம் மலர்ந்து, “உங்கள் நாட்டு இசையைப் போடுங்கள், மனதுக்கு அமைதியாக இருக்கும்” என்றாள். அமைதியாம்! பம்பை அடித்து இவள் கேட்டதில்லை. நான் போட நினைத்தது எஸ்தோனியாக்காரன் ஒருவனின் எலெக்ட்ரானிக் இசை, போர்ச்சுகல் பெண் ஒருத்தியின் கிட்டார். அதைச் சொன்னதும் அவளுக்குப் புரியவே இல்லை. “ஆனால் அது எங்கள் இசை அல்லவா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆசியாக்காரன் என்றால் சிதாரோடுதான் பிறந்திருக்க வேண்டுமா? விடாமல் பேசினேன். நான்கு சனிக்கிழமை தருகிறோம், பிறகு குழு முடிவெடுக்கும் என்றாள். அந்த ஒரு மணி நேரத்தை இழக்கக்கூடாது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை சொதப்பல். “பாட்டெல்லாம் அருமை. நீங்கள் பேசுவதுதான் பஸ் அட்டவணை வாசிப்பது போல இருக்கிறது” என்றாள் லீவே. உண்மைதான், என் டச்சு அந்த லட்சணம். அடுத்த வாரம் துணிந்து அண்ணனைப் போனில் இணைத்தேன். பாட்டைப் போட்டுக் காட்டுவேன், அவன் தமிழில் சொல்வான், நான் மொழிபெயர்ப்பேன்.

எஸ்தோனியாக்காரன் பாட்டு தொடங்கியதுமே அண்ணன் பதறினான். “டேய், எர்த்து புடிக்கலடா. ஒயரப் பாக்கச் சொல்லு அந்த ஆள.”

அப்படியே மொழிபெயர்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் லீவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “இரு இரு, இன்னொரு வாட்டி போடு” என்றான். கேட்டான். “தானா வரலடா. வேணும்னேதான் வுட்டுக்கினு இருக்கான். அடியில கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கினே போவுது பாரு. கெட்டிக்காரன்.” போர்ச்சுகல் பெண்ணுக்கு, “மைக்க ரொம்பக் கிட்ட வச்சிக்கினு வாசிக்குது, மூச்சு வுடறது கேக்குது. அத எடுத்துடப் போறாங்க, எடுக்க வாணாம்னு சொல்லு” என்றான். மூன்றாவது வாரம் முகம் தெரியாத இசைக்காரர்களெல்லாம், எங்கள் பாட்டையும் உங்கள் அண்ணனிடம் போட்டுக் காட்டுங்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்காவது சனிக்கிழமை அமாவாசையாக வந்து தொலைந்தது. அண்ணனுக்கு மலையனூரில் அன்னதானப் பந்தலில் செட்.

“சத்தமாத்தான் இருக்கும், லைன்ல இருக்கறேன்” என்றான்.

“வாணாம்ணா, எங்கனா தள்ளிப் போய்ப் பேசு.”

“எதுக்கு? மலையனூர் சத்தம் கேட்டா உனுக்கு வெக்கமா இருக்குதா?”

எனக்குப் பயம்தான். பம்பையும் உடுக்கையும் கேட்டால், இதைத்தானே முதலிலேயே கேட்டோம் என்று குழு சொல்லிவிடும். நான் மறுபடி சிதார்க்காரன் ஆகிவிடுவேன். அந்தப் பயத்தில் என் ஊரையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இப்போது என்னை நினைத்து. “அங்கயே நில்லுண்ணா” என்றேன்.

அன்றைக்கு ஐஸ்லாந்துக்காரி ஒருத்தியின் பாட்டு. வார்த்தை இல்லை, தாளம் இல்லை. ஒரே சுரம் நிறம் மாறிக்கொண்டே போகும். ஒரு நிமிடம் கேட்ட அண்ணன், “இத இங்க போட்டுப் பாக்கறேன் இரு” என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் போனைப் பந்தல் மைக்கில் வைத்துவிட்டான். லீவே கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்று, குறை, குறை என்று கையைக் கீழே தாழ்த்தினாள். குழுவும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்தேன், இறக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் தீர்ப்பு வந்தது. “சாப்டறவங்க சாப்டுக்கினே இருக்கறாங்கடா. ஒருத்தர்கூட நிறுத்துன்னு சொல்லல.” இதைவிடப் பெரிய பாராட்டை அண்ணன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அந்த ஒரு மணி நேரம் இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. லீவேகூட சவரிமுத்துவை ‘அண்ணன்’ என்றே கூப்பிடுகிறாள். ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்தப் பாட்டு ஓடிய நிமிடங்களைத்தான். ஒரு காதில் அது என் மேசையிலிருந்து சுத்தமாகக் கேட்டது. மறுகாதில் அதே பாட்டு மலையனூர் போய், குழாய் வழியே கூட்டத்தின் மேல் விழுந்து, பம்பைச் சத்தத்தையும் ‘சாம்பார் இங்க’ என்கிற குரலையும் ஒட்டிக்கொண்டு ஒரு நொடி தாமதமாகத் திரும்பி வந்தது. எந்தச் சத்தத்துக்கு முன்னால், எந்தச் சத்தத்துக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று தெரியாமல், ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு நொடிக்குள் உட்கார்ந்திருந்தேன்.