விளக்கணைக்கிற பெண்ணை வரைந்த கதை

ஒரு பெண் கையைத் தூக்குவதைக் காட்டுவதற்குள் ஒரு கத்தைக் காகிதம் தீர்ந்துபோகிற தொழில் எங்களுடையது. பொம்மைப் படம் வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகளே, இது உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

மலாயாவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம். மலாக்கா டவுனில் ஒரு படப் பட்டறையில் நான் மாணவன். பயிற்சிக்கு எனக்குக் கொடுத்த வேலை, லைட்டை வீணாக எரிக்காதீர்கள் என்று சொல்கிற இரண்டு நிமிஷப் பொம்மைப் படம். தோட்டங்களில் கொண்டுபோய்க் காட்டுவார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயா ரும்புட் தாண்டி ஒரு தோட்டத்தில், காட்டுக்காரர்களுக்குச் சோறு போகாமலிருக்கப் போட்ட கம்பி வேலிக்கு உள்ளே, என் தாய்மாமன் மகள் தனம் இருந்தாள்.

வேலி போட்டதோடு எங்கள் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. "ஊர் அடங்கட்டும், பார்க்கலாம்" என்றார் மாமா. அடங்காவிட்டால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறி, அங்கேயே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவாராம். பாஸ் இல்லாமல் நான் உள்ளே போக முடியாது, அவள் வெளியே வர முடியாது. படத்தோடு போனால் அவளைப் பார்க்கலாம், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று நேரில் கேட்கலாம். அதற்காகத்தான் மாடு மாதிரி உழைத்தேன்.

மூக்குத்தி

படத்தில் வருகிற பெண்ணுக்குத் தனத்தின் முகத்தையே வைத்தேன். கையில் போட்டோ கிடையாது. நெற்றி, காது, பின்னலை முன்னால் தூக்கிப் போடுகிற விதம், எல்லாம் நினைவிலிருந்து வந்தது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுதான் தகராறு. ஒரு நாள் இடது பக்கம் என்று அடித்துச் சொல்வேன், மறுநாள் வலது பக்கம் என்று தோன்றும். இப்படியே போனால் அவள் முகமே எனக்கு மறந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

வரைந்ததையெல்லாம் கேமராவில் வைத்துப் பிடிக்கிறவர் மலாய்க்காரரான யூசோப், எங்களுக்கு அபாங், அதாவது அண்ணன். தமிழர்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுவார். காகிதங்களை விரலால் சரசரவென்று ஓட்டிப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தம்பி, இது ஒரு பொண்ணா, ரெண்டு பொண்ணா? மூக்குத்தி மட்டும் இங்கேயும் அங்கேயும் ஜாலான் ஜாலான், ஊர் சுத்தப் போகுதுலா."

அந்தி நேரம்

முதல் வெள்ளோட்டத்தைப் பட்டறைப் பக்கத்துப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினோம். பொழுது சாய்கிறது, தனம் நடந்து வருகிறாள், சுவிட்சைத் தட்டுகிறாள், வீடு இருட்டாகிறது. கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த மெஸ்காரச் சிவகாமி அக்காதான் கடைசியில் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். விளக்கு வைக்கிற நேரத்தில் விளக்கை நிறுத்துகிற பெண்ணை எந்தத் தமிழன் வரைவான்? மறுபடியும் காகிதத்தோடு உட்கார்ந்தேன். அவள் சாமி விளக்கை ஏற்றட்டும், அந்த வெளிச்சம் போதும் என்று அப்புறம் பல்பை நிறுத்தட்டும். வேலை இரண்டு மடங்கு ஆனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவள் என் வீட்டில் விளக்கேற்றுகிற மாதிரியே நினைத்துக்கொண்டு வரைந்தேன். எனக்கு இந்தப் புத்தியைக் கொடுத்த அக்கா சொன்னது இதுதான்:

"பொட்டு வச்ச பொண்ணு அந்தியில வீட்ட இருட்டாக்குவாளாடா? மொதல்ல சாமி விளக்க ஏத்தச் சொல்லு, அப்புறம் உன் சிக்கனத்த வச்சிக்க."

என்ஜின்காரர்

ஆறு மணிக்கு ஊரடங்கு. அதனால் தோட்டத்தில் பட்டப்பகலில்தான் படம். ரப்பர் ஷீட் அடுக்குகிற ஸ்டோரில் ஜன்னலுக்கெல்லாம் கோணிச்சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். படம் ஓட்டுகிற மெஷினுக்குக் கரண்ட், தோட்டத்து என்ஜினிலிருந்து. வேலி விளக்கு விடிய விடிய எரிய வேண்டும், எண்ணெய்க்கோ தட்டுப்பாடு. "படத்தில் என்ன சொல்கிறார்களோ அப்படியே நடக்கணும்" என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார்.

பெண்கள் பக்கம், தூணோரம், தனம் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். படம் ஓட ஆரம்பித்தது. "இது நம்ம தனமில்ல?" என்று ஒரு பெண் சொல்ல, ஸ்டோரே சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாமா சிரிக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். திரையில் தனம் விளக்கை ஏற்றினாள், சுவிட்சைத் தட்டினாள். அவ்வளவுதான், மெஷின் நின்று எல்லாம் இருட்டாகிவிட்டது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்ஜின்காரர் ஓடிப்போய் என்ஜினை நிறுத்தியிருக்கிறார். கிராணி கத்தின கத்தலுக்கு அவர் அசரவே இல்லை.

"படத்துல நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன். நான் சொன்ன பேச்சு கேக்கிற ஆளு சார்."

இருட்டில்

ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்த அந்த இருட்டில், "மச்சான்" என்று பக்கத்தில் ஒரு குரல். தூணோரத்திலிருந்து தட்டுத் தடுமாறி மெஷின் பக்கம் வந்துவிட்டாள். அவளைப் பார்க்க அத்தனை நாள் ஏங்கியவன், இப்போது முகம் தெரியாமல் நிற்கிறேன். "அப்பா டிக்கெட் எடுத்துட்டாரு" என்றாள்.

மாதக்கணக்கில் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "கொஞ்ச நாள் பொறுத்துக்க தனம், மாமாகிட்ட நான் பேசுறேன்" என்று மட்டும் சொன்னேன். என் சட்டைக் கையைப் பிடித்தாள். அதற்குள் யாரோ ஒரு ஜன்னலில் சாக்கை அவிழ்க்க ஆரம்பித்தார்கள், பிடியை விட்டுவிட்டாள். போவதற்கு முன்னால் சொன்னாள்.

"நான் பொறுத்துக்குவேன் மச்சான், கப்பல் பொறுக்காதுல்ல?"

அவள் கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்லிக்கொடுத்த நான், அவளை நினைப்பதில் மட்டும் இன்றுவரை ஊதாரிதான்.