காக்கை இல்லாத கண்டம்

லிமாவில் மழை பெய்யாது. கடலோரத்திலேயே பாலைவனம், அதற்குக் கிழக்கே ஆண்டிஸ் மலை, மலைக்கு அந்தப்பக்கம் மழை ஓயாத அமேசான் காடு. பெரு என்பது மூன்று நாடுகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒட்டிய நாடு. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தென்னமெரிக்கா முழுவதிலும் ஒரு காக்கைகூடக் கிடையாது என்று எந்தப் புண்ணியவானும் எனக்குச் சொல்லவில்லை. தறி மெக்கானிக் வேலைக்கு என்னைப் பிடித்துவந்த ஏஜென்டாவது சொல்லியிருக்கலாம்.

அப்பாவின் முதல் திதி. காலையில் மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்தேன். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் அப்போது சாயங்காலம். மகன் வைத்த சோற்றைக் காக்கை எடுத்தால்தான் பச்சைத்தண்ணி குடிப்பேன் என்று அம்மா வீடியோ காலில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோயாளி. எங்கள் தெருவில் தாத்தா திதிக்கு இலை போடுமுன்பே காக்கைகள் கூடிவிடும். "வரிசையா வாங்கலே" என்று அப்பா அவற்றை அதட்டுவார்.

"ஏலே, வந்துச்சா?"

"இந்தா வந்துட்டும்மா."

"அது புறால்லா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

கீழ்வீட்டு டோனியா ரோசா துணி காயப்போட வந்தாள். குஸ்கோ மலைக்காரி. யாருக்குச் சாப்பாடு என்றாள். இறந்துபோன அப்பாவுக்கு என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தால், "அவரை எங்கே உட்காரவைத்திருக்கிறாய்?" என்று சுற்றிலும் தேடினாள். இன்கா காலத்தில் செத்த ராஜாக்களைப் பதப்படுத்தி, நல்ல துணி உடுத்தி, திருவிழாவுக்குத் தூக்கிவந்து, சோளக்கள் கொடுப்பார்களாம். அவர்களுடைய நிலபுலன்கூட அவர்கள் பேரிலேயே இருக்குமாம். ஸ்பானியர்கள் வந்துதான் கெடுத்தார்களாம்.

"நாங்கள் எரித்துவிட்டோம்" என்றேன்.

"எரித்துவிட்டுச் சாப்பாடா?" என்று என்னைக் கொலைகாரனைப்போலப் பார்த்தாள். "சரி, அவருக்கு என்ன பிடிக்கும்?"

"கறி."

"பிறகு எதற்கு வெறும் சோறு?"

நான் தடுக்குமுன் கோழி ஈரலைக் கொண்டுவந்து இலையில் கொட்டினாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டியிலிருந்து ஒரு கயினாசோ இறங்கியது. இந்த ஊரின் கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு. போனை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"என்னலே இது, மண்டைல ஒத்த முடி இல்ல?"

"இந்த ஊருக் காக்காம்மா."

"கவிச்சியா திங்குது?"

"ஆமாம்மா."

அது ஈரலை முடித்துவிட்டுச் சோற்றை ஓரமாகத் தள்ளியது. அம்மா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அவருதாம்லே. கறிய தின்னுட்டு சோத்த ஒதுக்குதாரு பாரு. பக்கத்துல இருக்க திருவேங்கடத்துக்கே பஸ் ஏறமாட்டாரு, ஒன்னத் தேடி அம்புட்டு தூரம் வந்துட்டாரு." சிரித்தவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "இங்கன ஒருத்தி ஒத்தையில கெடக்காளேன்னு தோணலியே அவருக்கு."

அம்மா தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். உயிர் வந்தது எனக்கு. கயினாசோ கைப்பிடிச்சுவரில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தது. டோனியா ரோசா துணி உதறிக்கொண்டிருந்தாள். அவள் நிற்பதையும் பாராமல் கழுகிடம் கெஞ்சினேன்:

"அம்மாகிட்ட போங்கப்பா."