மூடிய ராஜா ஜோடி

என் அக்கா வீட்டுக்காரரின் சாவிக்கொத்தில் இன்றும் ஓர் இரும்பு வாஷர் தொங்குகிறது. இரண்டே விரல்கள் மிஞ்சிய வலது கையால் அதை உருட்டிக்கொண்டேதான் மாமா அந்தக் கதையை ஆரம்பிப்பார். "பய பயந்து சீட்டை மூடிட்டான்" என்று சிரித்து முடிப்பார். அந்தப் பய நான்தான்.

தொண்ணூற்றொன்றில் நாங்கள் இருவரும் மறைமலை நகரில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஹெல்பர்கள். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரே சைக்கிளில் போவோம். மேட்டில் நான் மிதிக்க வேண்டும், இறக்கத்தில் அவர் ஓட்டுவார், மாமன் முறையாயிற்றே. ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து, "பிரஸ்ஸுக்கு ஒரு ஆளுதான் பர்மனென்ட். ரெண்டு பேரும் ஒரே குடும்பம், நீங்களே பேசி ஒரு பேரு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மகராசன், அந்தப் பாவத்தை அவரே செய்திருக்கலாம். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்கு வாலாஜாபாத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பர்மனென்ட் ஆனால்தான் மேற்கொண்டு பேச்சு என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். இரண்டு நாள் பேசிப் பார்த்தும் முடியவில்லை. "சீட்டே சொல்லட்டும்டா" என்றார் மாமா.

சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டுக்குப் பின்னால் மூணு சீட்டு. ஸ்கிராப் டப்பாவிலிருந்து ஆளுக்கு இருபது வாஷர் எடுத்துக்கொண்டோம். சீட்டை மூடினால் நடுவில் வைத்ததெல்லாம் எதிராளிக்கு. சங்கு ஊதும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ, அவருக்கே வேலை.

மாமாவின் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கையில் சீட்டு மோசமென்றால் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கும். யாருடைய உடம்பையாவது விசாரிப்பார். தீபாவளி ஆட்டங்களில் பார்த்துப் பார்த்து எனக்கு அது அத்துப்படி. அவருக்கே தெரியாது. கடைசி ஆட்டத்தில் தன்னிடம் இருந்த வாஷரையெல்லாம் நடுவே தள்ளிவிட்டு, "அம்மாவுக்கு முட்டி வலி எப்புடி கீது?" என்றார்.

என் கையில் ராஜா ஜோடி. நானும் அத்தனை வாஷர் வைத்து, சீட்டைத் திறக்கச் சொன்னால் போதும், வேலை எனக்கு. அவருடைய டிபன் டப்பாவைப் பார்த்தேன். அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஒரு வாய்கூடக் குறையாமல் இருந்தது. வாலாஜாபாத் பெண்ணின் முகமும் வந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது? சீட்டை மூடிக் கட்டுக்குள் சொருகிவிட்டேன்.

"இன்னாடா, பயந்துட்டியா?" என்றார். சங்கு ஊதியது.

அடுத்த வருஷமே அந்த பிரஸ் அவருடைய மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு நான் சீட்டைத் திறந்திருந்தால் அந்த மெஷினில் நின்றிருப்பவன் நான். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் விரல் போனதற்கு நான் காரணமாவேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் மனிதர் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஆட்டத்தையும் எப்படிப் பிடுங்குவது?

போன மாதம் மாமாவின் பேத்தி காதுகுத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. வாஷரை உருட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், முடிக்கிற இடத்தில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"நெசமா சொல்லு. அன்னிக்கி உன் கையில இன்னா இருந்துச்சி?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பொய் வரவில்லை, உண்மையும் வரவில்லை.

"அக்காவுக்கு முட்டி வலி எப்புடி கீது மாமா?" என்றேன்.

வாஷர் அவர் விரல்களுக்கிடையில் நின்றது. "அன்னிக்கி நான் உன்னைக் கேட்டதுல்ல இது..." என்று முணுமுணுத்தார். கதையை முடிக்காமலே சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாப்புடப் போலாம் வா" என்றார்.