பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் நைனாவின் மேஜையும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் நைனாவின் மூத்த மகளுடைய வணக்கம். நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களைத் தம்பி முன்பக்கத்திலேயே எழுதிவிட்டான். எனக்கு மேஜையின் கதையை ஒதுக்கியிருக்கிறான்.

நைனா பெருநகர் கிராமத்தில் பிறந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டு மோட்டார் மெக்கானிக் ஆனார். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத பம்புசெட் குறைவு. எதைப் பிரித்தாலும் திரும்ப மாட்டிவிடுவார். அந்தத் தைரியம்தான் அவரை மரவேலையில் கொண்டுபோய் விட்டது.

அம்மாவுக்கு மூட்டு தேய்ந்து, இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதுதான் அம்மாவின் வழக்கம். ஒரு மேஜை செய்து, அம்மாவைத் தம்மோடு உட்கார வைத்தே சாப்பிடுவது என்று நைனா அன்றே முடிவு செய்தார். கடையில் வாங்கலாம் என்றோம், காதில் போட்டுக்கொள்ளவில்லை. புயலில் விழுந்த பூவரச மரத்தை அறுத்த பலகை கொல்லையில் கிடந்தது.

அது ஐப்பசி மழைக்காலம். ஆகவே நெல் மூட்டை அடுக்கும் அறைக்குள்ளேயே வேலை நடந்தது. மூன்று வாரத்தில் மேஜை முடிந்தது. தூண் மாதிரி நான்கு கால்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அங்குல ஆணிகள். வெளியே எடுக்கப் போனபோதுதான் அந்த அறைக்குக் குறுகலான ஒரே வாசல் இருப்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. சாய்த்தோம், கவிழ்த்தோம், நிமிர்த்தினோம். நிலையைப் பெயர்க்கலாமா என்று தம்பி மெதுவாகக் கேட்டான். தன் மாமியார் மஞ்சள் பூசி நிறுத்திய நிலை அது, மேஜை உள்ளேயே கிடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நைனா கால்களை அறுத்தெடுத்தார். இனி கழற்றி மாட்டும் கால்கள் என்றார். தச்சரைக் கேட்டிருக்கலாம். அவரோ தமக்குத் தெரிந்ததைச் செய்தார். ஒவ்வொரு காலின் தலையிலும் மரை வெட்டிய பைப்புத் துண்டு, பலகைக்கு அடியில் அதை ஏற்றிக்கொள்ள பிளாஞ்ச் என்கிற இரும்பு வட்டு. திருகினால் ஏறும், திருப்பினால் இறங்கும். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் காலை அரைச் சுற்று திருகிச் சரிசெய்யலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டினார்.

முதல் விருந்துக்கு நானும் என் கணவரும் வந்திருந்தோம். என் கணவருக்குச் சாப்பிடும்போது காலாட்டும் பழக்கம் உண்டு. அவருடைய பாதம் உரச உரச மேஜைக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ரசம் பரிமாறும் நேரத்தில் கழன்று விழுந்தது. சாம்பார் குண்டான் நேராக அவர் மடிக்கு வந்து சேர்ந்தது. சாம்பார் ஆறியிருந்தது, அதுவரைக்கும் நல்லது. நைனா குனிந்து, மருமகனைப் பார்க்காமல் மரையைப் பார்த்தார்.

“மாப்ள எடது பக்கமா காலாட்றாரு. இந்த மூலைக்கு மட்டும் எடது மரை போட்டா நின்னுக்கும்” என்றார்.

சொன்னபடியே லேத் பட்டறையில், எதிர்ப்பக்கம் திருகினால் ஏறும் இடது மரை வெட்டி வந்து போட்டார். அடுத்த முறை என் கணவர் எதிர் மூலையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் மடிதான்.

அம்மா மேஜைப் பக்கமே வரவில்லை. “கீழ உக்காந்தா முட்டிதான் வலிக்கும். இதுல உக்காந்தா உசுரே போயிடும் போல கீது” என்று சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார். சாம்பார் கொட்டியதற்கு வருந்தாத நைனா இதற்கு வருந்தினார். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

பைப்பு மரைகளையெல்லாம் கழற்றி எறிந்தார். பலகைக்கு அடியில் சுற்றிச் சட்டம் அடித்து, காலுக்கு இரண்டாக எட்டு போல்ட் போட்டார். மோட்டார் பாகங்களில் அடையாளம் வைப்பதுபோல, கால்களில் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி குத்தினார். பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் பலகைக்கு அடியிலேயே கயிற்றில் கட்டினார். பிறகு அம்மாவை அழைத்து அதைக் கையில் கொடுத்தார்.

“என் மேல நம்பிக்க இல்லன்னா, நீயே முடுக்கிக்கினு உக்காரு.”

அம்மா முக்காலியை நகர்த்தி நகர்த்தி எட்டையும் முடுக்கினார். மேஜையை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு, நைனாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று முதல் காலை நாஷ்டாவுக்கு முன் அம்மா போல்ட்டைச் சோதிப்பதும், பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடுவதும் நடைமுறை ஆயிற்று. அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டதைப் பிள்ளைகள் நாங்கள் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தோம்.

கடைசிப் பத்து நாள் நைனா செங்கல்பட்டு மருத்துவமனையில் இருந்தார். அங்கேயும் கட்டிலில் ஒரு நட்டு லூசாக இருப்பதை நர்சிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டி வைக்க இடமில்லை. மேஜையை எப்படி எடுப்பது என்று தம்பி தடுமாறி நின்றான். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“பதினேழு நம்பரு அடியிலயே கட்டி கீது, பாரு.”

ஐந்தே நிமிடத்தில் மேஜை கழன்று வெளியே போயிற்று. கழற்றி மாட்டும் கால்கள் என்று நைனா சொன்னது சொன்னபடி நடந்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பலகையும் கால்களும் ஓராண்டாக நெல் அறையில் சாய்ந்திருக்கின்றன. அம்மா மறுபடியும் சமையலறையில் நின்றுதான் சாப்பிடுகிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போன வாரம் நினைவு நாள் ஏற்பாடுகளைப் பேசும்போது, மேஜையை மாட்டச் சொன்னார். படையலைத் தரையில் போடுவதுதானே வழக்கம் என்று தம்பி இழுத்தான்.

“அவரு எலைய மேஜ மேல போடு. பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்” என்றார்.

நைனாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், ஏன் எதற்கு என்று கேட்காமல் இடது மரை வெட்டிக்கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும், இருமுறை மடியில் வாங்கியும் மாமனாரை ஒரு சொல் சொல்லாத என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வருகிறவர்கள் அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். மேஜையில் இடம் கிடைப்பவர்கள் தயவுசெய்து காலாட்ட வேண்டாம். போல்ட்டுகளை அம்மா முதல் நாளே முடுக்கிவிடுவார். இந்த முறை முதல் பந்தியில் அவரும் உட்காருகிறார்.